நாயோடு ஆர்வி பயணம்: தண்ணீரோரத் தங்குமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டல்லாஸிலிருந்து கோடையில் இரண்டு வாரப் பயணம், வாடகைக்கு எடுத்த 28 அடி ஆர்வி, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி, கூடவே தண்ணீரைக் கண்டால் நிற்காத ஒரு லாப்ரடார். ஏரிக்கரையிலோ ஆற்றங்கரையிலோ நாயோடு தங்கக்கூடிய முகாம்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தேடினால் ஏறத்தாழ எல்லா முகாம்களுமே "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்கின்றன, ஆனால் போய் வந்தவர்களோ "கரைப்பக்கமே விடவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள், எதை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முகாம்களின் பட்டியல் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. உங்கள் நாய் அங்கே தண்ணீரில் இறங்கலாமா, இறங்கினால் அதற்குக் கேடில்லாமல் இருக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அறிய வழி உண்டா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கோடைக்காலங்களில் அரசு முகாம்களில் கேம்ப் ஹோஸ்டாக, அதாவது முகாமிலேயே தங்கி, வருகிறவர்களுக்கு இடத்தைக் காட்டி விதிகளை நினைவூட்டும் தன்னார்வலராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எங்களோடு எப்போதும் ஒரு நாய் உண்டு. ஆகவே விதிகள், மின்சாரம், கரை, வண்டி நிறுத்துவது ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். நான் கால்நடை மருத்துவர் அல்ல. நோய்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் உங்கள் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி" என்ற வாசகம் உங்கள் வண்டி நிற்கும் இடத்தைப் பற்றியது. தண்ணீரைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை. தேசியப் பூங்காத் துறை, ஃபாரஸ்ட் சர்வீஸ் எனப்படும் வனத்துறை, அணைக்கட்டு ஏரிகளைப் பராமரிக்கும் ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ், பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைப் பணியகம் ஆகிய நான்கு கூட்டாட்சி அமைப்புகளுக்கும் விதிநூல்கள் தனித்தனி என்றாலும், வசதிகள் செய்துதரப்பட்ட முகாமுக்குள் நாய் 6 அடிக்கு மேற்படாத கயிற்றில் இருக்க வேண்டும் என்பதில் நான்குக்கும் வேறுபாடில்லை. முதல் மூன்றின் விதிகளில், நீச்சலுக்கென்று ஒதுக்கப்பட்ட கரையில் நாய்க்கு இடமில்லை என்பதும் எழுதப்பட்டிருக்கிறது; பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் போன்ற உதவி நாய்களுக்கு மட்டுமே விலக்கு. மிதவைகள் கட்டி, மணல் கொட்டி, குழந்தைகள் விளையாடும் அந்தக் கரையைத்தான் முகாமின் விளம்பரப் படங்களில் நீங்கள் பார்க்கிறீர்கள். அந்தப் படத்தை நம்பி வருகிறவர்கள்தான் பிறகு "கரைப்பக்கமே விடவில்லை" என்று எழுதுகிறார்கள்.

ஆர்மி கோரின் விதியில் பலர் கவனிக்காத இன்னொரு நுணுக்கம் உண்டு. முகாமுக்குள் மட்டுமல்லாமல் அதை ஒட்டியிருக்கும் நீரிலும் நாய் கயிற்றில் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. அதாவது உங்கள் இடத்துக்கு நேர் கீழே உள்ள கரையில் லாப்ரடாரை இறக்கலாம், ஆனால் 6 அடிக் கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்க வேண்டும்; பந்தை ஏரியின் நடுவில் எறிந்து "போ, எடுத்து வா" என்று அவிழ்த்துவிடுவது விதிப்படி முடியாது. நடைமுறையில், வார நாளின் காலையில் ஆளரவமற்ற ஒரு மூலையில் யாராவது அவிழ்த்துவிட்டால் ஹோஸ்ட் கண்டும் காணாமல் போவதுண்டு. அதை உரிமையாக நினைத்துத் திட்டமிட வேண்டாம். சனிக்கிழமை மதியம் அதே ஹோஸ்ட் உங்கள் வண்டிக் கதவைத் தட்டுவார், ரேஞ்சர் வந்தால் அபராதச் சீட்டும் கிடைக்கும்.

இதிலிருந்து விளையும் முடிவு கொஞ்சம் கசப்பானது. கயிறில்லாமல் நாய் நீந்துவதும், குளிர்சாதனத்துக்கு மின் இணைப்பும், இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. கயிறு பற்றிய விதி வனத்துறைக்கும் பி.எல்.எம்.முக்கும் வசதி செய்யப்பட்ட இடங்களுக்குத்தான்; அவற்றுக்கு வெளியே திறந்த நிலத்தில் தங்கும்போது, அந்த வட்டாரத்துக்கெனத் தனி உத்தரவு இல்லாத வரையில், உங்கள் குரலுக்குக் கட்டுப்படும் நாயை அவிழ்த்துவிடலாம். ஆனால் அங்கே மின்சாரம் கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, கழிவுநீரை இறக்க டம்ப் ஸ்டேஷன் கிடையாது. 28 அடி வண்டி திரும்பும் அளவுக்குப் பாதை இருக்கிறதா என்பதும் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஜூலை மாத டெக்சஸ் வெயிலில் மின் இணைப்பின்றி நாயை வைத்துக்கொண்டு தங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆகவே இரவுகளை மின் இணைப்புள்ள முகாமில் கழித்து, நாயை நீந்தவிடப் பகலில் வேறிடம் போய் வருவதுபோல் திட்டமிடுங்கள். ஒரே இடம் எல்லாவற்றையும் தர வேண்டும் என்று தேடுவதை விட்டாலே உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அதனால் தேடலை நிலம் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பயணத்துக்கு என் முதல் பரிந்துரை ஆர்மி கோர் ஏரிகள். வெள்ளத் தடுப்புக்கும் மின்சாரத்துக்கும் அணை கட்டிய இந்த அமைப்பு 400-க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களை நிர்வகிக்கிறது. அவற்றின் முகாம்கள் நீரை ஒட்டியே போடப்பட்டவை என்பதால், தேசியப் பூங்காவில் நீர் தெரியும் ஓர் இடத்துக்கு அடித்துக்கொள்வதுபோல் இங்கே அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு உண்டு, கட்டணம் தனியார் முகாம்களைவிடக் குறைவு, 62 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வாங்கக்கூடிய முதியோர் பாஸ் இருந்தால் முகாம் கட்டணம் பாதியாகும். அந்த வயதுள்ள பெற்றோர் உங்களோடு வருவதாக இருந்து, அவர்களிடம் கிரீன் கார்டும் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். முன்பதிவு கூட்டாட்சி முகாம்களுக்கான ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். பெரும்பாலான இடங்கள் ஆறு மாதம் முன்னதாகத் திறக்கும்.

டல்லாஸிலிருந்து வடக்கே டெக்ஸோமா, வடகிழக்கே அர்க்கன்சாவில் வாஷிட்டா, கிரீர்ஸ் ஃபெரி, இன்னும் மேலே மிசூரி எல்லையில் டேபிள் ராக் என்று ஒரே வரிசையில் ஆர்மி கோர் ஏரிகள் இருக்கின்றன. இவற்றில் எனக்குப் பிடித்தது வாஷிட்டா. பிளேக்லி மவுண்டன் அணையால் உருவான, ஏறத்தாழ 40,000 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியைச் சுற்றி வாஷிட்டா தேசிய வனம் இருப்பதால் கரையில் வீடுகள் நெருக்கியடிக்கவில்லை, தண்ணீரும் தெளிவு. பிரேடி மவுண்டன், கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ், டென்பி பாயிண்ட், டாம்ப்கின்ஸ் பெண்ட் ஆகிய முகாம்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அருகிலேயே ஹாட் ஸ்பிரிங்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே நடைபாதைகளில் கயிற்றுடன் நாயை அழைத்துச் செல்லலாம், கல்ஃபா கார்ஜ் முகாமில் ஓடையோரமாக முழு ஹூக்கப்புடன், அதாவது மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளுடனும் ஆர்வி நிறுத்தலாம். தேசியப் பூங்காக்களில் இது விதிவிலக்கு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் பெயர்பெற்ற பெரிய பூங்காக்கள் நாய்க்கு உகந்தவை அல்ல. யூட்டாவின் சையன் பூங்காவில் வாட்ச்மேன் முகாம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, மின் இணைப்பும் உண்டு, நாய்க்கும் அனுமதி உண்டு. பட்டியலில் பார்த்தால் நீங்கள் கேட்டது அப்படியே இருப்பதாகத் தோன்றும். ஆனால் அங்கே நாய் நடக்கக்கூடிய பாதை பருஸ் என்ற ஒன்றே ஒன்று, பள்ளத்தாக்குக்குள் போகும் ஷட்டில் பேருந்தில் நாயை ஏற்ற மாட்டார்கள், நாயைக் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் போய்வரவும் விதி இடம் தராது. குடும்பத்தில் ஒருவர் முறைவைத்து வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யெல்லோஸ்டோனில் சாலை, வாகன நிறுத்தம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் நாய் போகக் கூடாது. மெய்ன் மாநிலத்தின் அகேடியாவில் பெரும்பாலான பாதைகளில் நாய்க்கு அனுமதி உண்டு, ஆனால் அது உங்கள் பாதையில் இல்லை.

மாநிலப் பூங்காக்களுக்குப் பொதுவிதி கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும். கலிஃபோர்னியாவில் மாநிலப் பூங்கா முகாமில் நாய் தங்கலாம், ஆனால் பல இடங்களில் கடற்கரையிலும் நடைபாதையிலும் கால்வைக்கக் கூடாது. பக்கத்து மாநிலமான ஆரிகனிலோ கடற்கரை முழுவதும் பொதுமக்களுடையது, நாயோடு நடக்கலாம். கூடுகட்டும் ப்ளோவர் பறவைகளுக்காக மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சில பகுதிகள் மட்டும் மூடப்படும். டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் 6 அடிக் கயிறு, ஒதுக்கப்பட்ட நீச்சல் பகுதியில் தடை, நாயைத் தனியே விட்டுச்செல்லத் தடை ஆகிய மூன்றும் உண்டு. முன்பதிவு ஐந்து மாதம் முன்னதாகத் திறக்கும். நிலம் யாருடையது என்ற கேள்வியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அட்லாண்டிக் கரையின் அசடீக் தீவைவிட நல்ல சான்று இல்லை. தீவு ஒன்றுதான், மேரிலாந்துப் பகுதியில் தேசியப் பூங்காத் துறையின் முகாமில் கயிற்றுடன் நாய் தங்கலாம், நீச்சல் காவலர் இல்லாத கடற்கரையில் நடக்கலாம். அதே தீவின் மாநிலப் பூங்காவுக்குள் நுழைந்தால் விதி வேறு. வர்ஜீனியாப் பகுதியில் வனவிலங்குப் புகலிடம் இருப்பதால் மூடிய காருக்குள் உட்கார்ந்திருந்தாலும் நாய்க்கு அனுமதி இல்லை.

தனியார் முகாம்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கே.ஓ.ஏ. போன்ற தொடர்களில் பல கிளைகள் கேம்ப்கே9 என்ற பெயரில் வேலி போட்ட நாய்ப் பூங்கா வைத்திருக்கின்றன. கயிறில்லாமல் ஓடவிட அது நல்ல இடம், தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. காப்பீட்டைக் காரணம் காட்டிச் சில நாய் இனங்களை மறுக்கும் முகாம்கள் உண்டு. லாப்ரடாருக்கு அந்தச் சிக்கல் எழாது. தொலைபேசியில் கேட்கும்போது "நாய்க்கு அனுமதி உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். "என் நாய் எந்த இடத்தில் தண்ணீரில் இறங்கலாம், அங்கே கயிறு வேண்டுமா" என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தயங்கினால் அப்படி ஓர் இடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். வாடகை வண்டிக்காரரிடமும் நாய் வருவதை முன்பே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப ஒப்படைக்கும்போது இருக்கையில் முடி கிடந்தால் துப்புரவுக் கட்டணம் போடுவார்கள்.

முகாமை முடிவு செய்தபின் அதற்குள் எந்த இடம் என்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஓர் இட எண்ணைத் திறந்தால் கீழே நீளமான விவரப் பட்டியல் வரும். வண்டியின் அதிகபட்ச நீளம், நுழைவு பின்னோக்கியா நேராகவா, மின் இணைப்பு 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, நிழல் உண்டா, சில முகாம்களில் நீருக்கு எவ்வளவு அருகில் என்பதும் அதில் இருக்கும். வாடகை ஆர்விகளில் 28 அடி என்பது பெரும்பாலும் வகையைக் குறிக்கும் எண். முன் பம்பரிலிருந்து பின்னால் தொங்கும் ஏணி வரை உண்மையான நீளத்தைக் கேட்டு, 30 அடிக்குக் குறைந்த இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். "ஏரியோரம்" என்றும் "ஏரி தெரியும்" என்றும் இரண்டு விதமாக எழுதுவார்கள்; இரண்டாவது, மரங்களுக்கு இடையே நீலமாக ஏதோ மின்னினாலும் எழுதப்படும். அடுத்ததாகச் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்குங்கள். கரைக்கோட்டில் வெள்ளையாகக் கற்குவியல் தெரிந்தால் அது அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறை. அதன்மேல் நாய் இறங்குவது கால் முறியும் வேலை. மண்நிறத்தில் மெல்லச் சரிந்து நீருக்குள் மறையும் கரைதான் உங்களுக்கு வேண்டும். இடத்துக்கும் நீருக்கும் நடுவே நடைபாதை ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் நாள் முழுவதும் பிற நாய்கள் கடந்துபோகும், உங்கள் நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், இரவு பத்து மணிக்குமேல் பக்கத்து இடத்துக்காரர் ஹோஸ்டைத் தேடி வருவார்.

அணைக்கட்டு ஏரி என்பதால் நீர்மட்டம் நிலையாக இருக்காது. வெள்ளத்தடுப்பு ஏரிகளில் வசந்தகால மழைக்குப் பிறகு மட்டம் ஏறி, கரையோர இடங்கள் நீருக்குள் போய் மூடப்படுவதுண்டு. வறட்சியில் அதே இடத்திலிருந்து நீர் வரை நூறு கஜம் சேற்றில் நடக்க வேண்டியிருக்கும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற இன்னொரு கூட்டாட்சி அமைப்பின் மலையேரிகளில் இது திட்டமிட்டே நடக்கிறது: கோடை முடிந்ததும் வெள்ளத்துக்கு இடம் விட மட்டத்தைப் பல பத்து அடி இறக்குகிறார்கள். உங்களுடையது கோடைப் பயணம் என்பதால் பெரிய ஏமாற்றம் இராது, ஆனாலும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அந்தந்த ஏரியின் அலுவலகத்தை அழைத்து இப்போதைய மட்டம் என்ன, எந்த இடங்கள் மூடியிருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள்.

ஆற்றங்கரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2010 ஜூன் 11 அன்று விடியற்காலையில் அர்க்கன்சாவின் லிட்டில் மிசூரி ஆறு திடீரெனப் பெருகி, வாஷிட்டா தேசிய வனத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் உயிரிழந்தார்கள். ஆர்விகளும் அடித்துச் செல்லப்பட்டன. மலைகளுக்கு நடுவே குறுகிய பள்ளத்தாக்கு, அங்கே கைப்பேசி சிக்னல் கிடையாது, எச்சரிக்கை வந்தும் தங்கியிருந்தவர்களை எட்டவில்லை. அந்த வட்டாரத்தில் ஆற்றோர இடம் எடுத்தால் அரசின் வானிலை எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் நோவா வானிலை வானொலிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இருட்டுவதற்குள் மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பாருங்கள். மழை எதிர்பார்க்கும் இரவு என்றால் ஆற்றோரத்தை விட்டு ஏரிக்கரைக்கு மாறிவிடுவதே என் வழக்கம்.

வெப்பத்தைப் பற்றி விதியைவிட மின்சாரம்தான் முக்கியம். ஆர்வியின் கூரைக் குளிர்சாதனம் ஓடும்போது 12 முதல் 16 ஆம்பியர் வரை இழுக்கும். 30 ஆம்பியர் இணைப்பில் அதோடு மைக்ரோவேவும் வெந்நீர்க் கொதிகலனும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். முகாமில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிர்சாதனம் போடும் மாலையில் மின்னழுத்தம் இறங்கி, உங்கள் தவறு எதுவுமில்லாமலேயே நின்றுபோவதும் உண்டு. மூடிய வாகனத்துக்குள் வெப்பம் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். சிக்னல் மூலம் எச்சரிக்கும் வெப்பமானிகள் விற்கிறார்கள், நல்ல கருவிகள்தான். ஆனால் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் அவை ஊமை. விதி அனுமதிக்கும் முகாமிலும், வெயில் நேரத்தில் நாயை ஆர்வியில் விட்டுவிட்டு அரை மணி நேரத் தொலைவுக்கு மேல் போகாதீர்கள்.

இனித் தண்ணீர். எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது நீலப்பச்சைப் பாசியை. வெயிலில் சூடேறிய, ஓட்டமில்லாத, உரம் கலந்த நீரில் இது பெருகும். சில வகைகளின் நஞ்சு நரம்பையும் சில வகைகளின் நஞ்சு கல்லீரலையும் தாக்கும், நாய் சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். 2019 ஆகஸ்டில் ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரியில் நீந்திய நாய்கள் இதனால் இறந்தன. 2020 ஜூலையில் சையன் பூங்காவின் வர்ஜின் ஆற்றில் ஒரு நாய்க்குட்டி இறந்தது. ஓடும் ஆற்றில் இந்தப் பயம் இல்லை என்ற எண்ணம் அதோடு போயிற்று. பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல் மேற்பரப்பில் படர்ந்திருந்தால் யாருக்கும் தெரியும். அடியில் கல்லோடு ஒட்டி வளர்ந்து, பிய்ந்து, கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் கரும்பழுப்புப் படலம்தான் ஏமாற்றும். அதன் வாடை நாய்க்குப் பிடிக்கும், தின்றுவிடும். பார்வையால் மட்டும் நீர் பாதுகாப்பானது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும். எச்சரிக்கைப் பலகை இல்லாததையும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் எல்லா விரிகுடாவையும் எல்லா வாரமும் சோதிப்பதில்லை. நான் கடைப்பிடிப்பது இது: காற்று ஒதுக்கும் மூலைகளைத் தவிர்த்துத் திறந்த கரையில் இறக்குவேன், அடி தெரியாத நீரில் இறக்க மாட்டேன், வெளியே வந்ததும் நாய் தன்னை நக்கும் முன்பே குழாய் நீரில் கழுவிவிடுவேன். தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் அவசர கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அருகிலுள்ள அத்தகைய மருத்துவமனையின் எண்ணை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போவது நல்லது.

மற்றவை சிறியவை, ஆனால் அடிக்கடி நடப்பவை. டெக்ஸோமாவில் 2009-இல் ஜீப்ரா மசல் என்ற சிப்பி முதன்முதலாகத் தென்பட்டு, பிறகு டெக்சஸின் பல ஏரிகளுக்கும் பரவியது. கரைக்கற்களில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் அதன் ஓட்டு விளிம்பு கத்திபோல் நாயின் பாதத்தைக் கீறும். மீன்பிடிப்பவர்கள் நிற்கும் மேடையின் அடியில் அறுந்த நைலான் இழையும், இரையோடு விட்டுப்போன தூண்டில் முள்ளும் கிடக்கும். நாயை அவிழ்ப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை தலையைக் குனிந்து நடந்துவிடுங்கள். முள் உதட்டில் ஏறிவிட்டால் பிடுங்கப் பார்க்காதீர்கள், விழுங்கியிருந்தால் வெளியே தொங்கும் இழையை இழுக்கவே கூடாது. கிழக்கு டெக்சஸின் கேடோ, தென்மேற்கு அர்க்கன்சாவின் மில்வுட் ஏரிகளில் முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டர்கள் வாழ்கின்றன; அங்கே நாயைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம், அந்தியில் கரையோரம் நடத்துவதும் வேண்டாம். தேங்கிய நீரில் விலங்குகளின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்குத் தடுப்பூசி உண்டு, முதல்முறை போடுவதானால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள். கிளம்பும் வாரத்தில் நினைத்துக்கொண்டால் பயனில்லை, இப்போதே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கொசு வழியாக வரும் இதயப்புழுவுக்கான மாதாந்திர மாத்திரையையும் உண்ணிக்கான மருந்தையும் அப்போதே பேசிவிடலாம்.

விமர்சனங்களை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். தி டிர்ட், கேம்பெண்டியம் போன்ற செயலிகளில் சாலையின் நிலை, கைப்பேசி சிக்னல், இடம் சமதளமா என்பவை பற்றி எழுதுவது பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர்கள் கண்ணால் பார்த்து எழுதுகிறார்கள். நாய் பற்றிய விதியில் அவர்களை நம்ப வேண்டாம். "எங்கள் நாய் நாள் முழுக்க நீந்தியது" என்று ஒருவர் எழுதினால், அன்று யாரும் தடுக்கவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. செயலிகளின் "நாய்க்கு உகந்தது" என்ற வடிகட்டியும் அப்படியே. நிர்வாகத்தின் சொந்தப் பக்கத்தில் உள்ள வாசகமே செல்லும்.

உங்கள் இரண்டு வாரத்தை நான் திட்டமிட்டால், டெக்ஸோமாவில் ஓர் இரவு மட்டும் நின்று வண்டியின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொண்டு, வாஷிட்டாவில் ஐந்தாறு இரவுகள் ஒரே இடத்தில் தங்குவேன். அங்கிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு நாள். நாயை விருப்பம்போல் நீந்தவிட, முகாமின் எல்லையைத் தாண்டிய வெறுங்கரைக்குச் சிறு படகிலோ கயாக்கிலோ போய்வர இரண்டு மூன்று காலைகள், நாய்க்கு முதுகில் பிடியுள்ள உயிர்காப்பு உடுப்புடன். போகும் கரையின் நிலமும் கயிறு கேட்கும் பகுதியா என்பதை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டுக்கொள்வேன். அங்கிருந்து கிரீர்ஸ் ஃபெரியோ டேபிள் ராக்கோ, ஏதாவது ஒன்று; இரண்டையும் திணித்தால் பயணம் முழுவதும் ஓட்டுவதிலேயே போய்விடும். ஞாயிறு மாலை போய்ச்சேர்ந்து வெள்ளி காலை கிளம்புவதாக வைத்துக்கொண்டால் கரையோர இடங்கள் கிடைக்கும், கூட்டமும் இராது. ஆறு மாத முன்பதிவுக் காலம் கடந்துவிட்டதே என்று கைவிட வேண்டாம். கோடையில் திட்டத்தை மாற்றிக்கொள்கிறவர்கள் நிறைய, ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் இட எண்ணைக் குறித்து அறிவிப்பு கேட்டு வைத்தால், யாராவது ரத்து செய்யும்போது மின்னஞ்சல் வரும்.